எங்கள் ஞாயிறு ஆட்டம் சூதாட்டம் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு வாசகர், செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும் விளையாட்டு எதுவானாலும், யார் ஆடினாலும், ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். 'வயதானவர்களும் இப்போது இதில் விழுந்து கிடக்கிறார்கள்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். எனக்கு 66 வயது. அந்த வரி என்னைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்ட கை, 'ஸ்டெப்' விடாமல் எழுதியே பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாங்கள் நாலு பேர் திரையில் பலகை விளையாட்டு ஆட உட்காருவோம். நான் கோவில்பட்டியில். இன்னொருத்தி நாகர்கோவிலில். மூன்றாமவள் சிங்கப்பூரில் மகன் வீட்டில். நான்காமவள் டொரண்டோவில். எனக்கு ஆறரை என்றால் சிங்கப்பூரில் ஒன்பது மணி. டொரண்டோவில் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது. நவம்பரில் கனடாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்போது அவளுக்கு எட்டு மணிதான் ஆகியிருக்கும், 'இன்னும் சாப்பாடே முடியலையே' என்பாள். அதனால் மார்ச் வரைக்கும் எங்கள் ஆட்டம் ஏழரைக்கு. கனடா கடிகாரத்தை மாற்றினால் கோவில்பட்டியில் என் வீட்டு இட்லி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். என் வீட்டுக்காரர் இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதக்கூடும்.

நாங்கள் நாலு பேரும் 1977 முதல் 1980 வரை பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவர்கள். ராத்திரி படிப்பு நேரம் முடிந்து விளக்கை அணைக்க அரை மணி இருக்கும். அப்போது ஒரு கட்டிலை நகர்த்துவோம். அதற்கு அடியில்தான் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் வரைந்து வைத்திருந்தோம். பித்தளைத் தாயக்கட்டை நாகர்கோவில்காரிக்கு அவள் ஆச்சி கொடுத்தது. சிமெண்டுத் தரையில் அது உருண்டால் வராண்டா கோடி வரைக்கும் கேட்கும், வார்டன் வந்துவிடுவார். அதனால் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உருட்டினோம். துண்டில் கட்டை சரியாகப் புரளாது. 'உருட்டல, வச்சுட்டா' என்று சண்டை வரும். அந்தச் சத்தத்துக்கு வார்டன் வந்துவிடுவார்.

தாயம் தெரியாத தலைமுறை வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. நாலு பட்டை உள்ள இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் கூட்டி ஒன்று வந்தால் தாயம். அது விழுந்தால்தான் காய் கட்டத்தில் இறங்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயத்துக்கு 2. ஆக, எட்டுக்கு ஒன்று. பன்னிரண்டுக்குப் பதினாறில் ஒன்று. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவுப் பாடத்தை நான் இந்தக் கட்டைகளைக் கொண்டுதான் நடத்தினேன். முதலில் சிரித்த பையன்கள், மூன்று ஏன் அடிக்கடி விழுகிறது என்று கேட்டதும் நோட்டை எடுத்தார்கள். (மூன்றுக்கு நாலு வழி. போட்டுப் பாருங்கள்.)

படிப்பு முடிந்தது. கல்யாணம், வேலை, பணியிட மாற்றம். சில வருடம் பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. 2016-ல் யாரோ யாருடைய நம்பரையோ கண்டுபிடித்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். நாலு வருடம் அதில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும்தான் வந்தது. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. முப்பத்தாறு வருடத்தை எந்த முனையில் பிரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

2020 மார்ச் 25-ல் இங்கே ஊரடங்கு. ஏப்ரல் 7-ல் சிங்கப்பூரிலும் 'சர்க்கியூட் பிரேக்கர்' என்று எல்லாவற்றையும் அடைத்தார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரே அழைப்பில் நாலு பேர்தான் பேச முடியும். அந்த மாதக் கடைசியில்தான் அதை எட்டாக்கினார்கள். நாங்களோ சரியாக நாலு பேர். முதல் நாள் பேசினோம், அழுதோம். இரண்டாம் நாள் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டோம். மூன்றாம் நாள் பேச்சு வற்றிவிட்டது. நாலு முகமும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சிங்கப்பூர்க்காரி, "ஏட்டி, தாயம் போடுவமா?" என்றாள்.

போட்டோம். ஆளுக்கொரு அட்டையில் கட்டம் வரைந்தோம். யார் முறையோ அவள் கேமராவுக்கு நேராக உருட்டுவாள், நாலு பேரும் அவரவர் கட்டத்தில் காயை நகர்த்துவோம். எனக்குப் புளியங்கொட்டையும் துவரம்பருப்பும் காய்கள். டொரண்டோக்காரிக்குச் சட்டைப் பித்தான்கள். அரை மணி நேரத்தில் நாலு வீட்டில் நாலு விதமான ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என் கட்டத்தில் வெட்டுப்பட்ட காய், நாகர்கோவிலில் பழமாகியிருந்தது (சுற்று முடித்துக் கரையேறியிருந்தது). "நெட்டு கட்டாயிடுச்சு, நான் ஆறு வச்சதை நீங்க பாக்கல" என்று அவள் சாதித்தாள். ஆச்சி கொடுத்த கட்டையோடு அந்தக் குணமும் வந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து என் பேரன் லூடோ செயலி ஒன்றை எல்லோரையும் இறக்கச் சொன்னான். நம் நாட்டுப் பழைய பச்சிஸ் ஆட்டத்தை வெள்ளைக்காரன் எளிமையாக்கி 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆட்டம்தான் லூடோ. நாம் அதைத் திரும்ப வாங்கி ஊரடங்கில் உட்கார்ந்து ஆடினோம். ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு வாய்த்த செயலிகளைச் சொல்வேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே விளம்பரம். அந்த விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கடுகு அளவு. காசு இல்லாத ஆட்டம் என்பார்கள், ஆனால் திறந்ததும் தங்க நாணயம் கொட்டுவது போல ஒரு சத்தம். நாணயம் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொள் என்று ஒரு பெட்டி. நாலு பேரில் ஒருத்தி இணைப்பு அறுந்து வெளியே போனால் அவள் இடத்தில் மெஷின் உட்கார்ந்து ஆடும். ஒருமுறை எங்களுக்கு நடுவில் ஊர் பேர் தெரியாத ஒருவர் வந்து, கோபமான முகம் போட்ட பொம்மையாக அனுப்பிக்கொண்டே இருந்தார். தாயத்துக்கென்றே இருந்த இரண்டு மூன்று செயலிகளையும் பார்த்தோம். ஒன்றில் யாரையும் வெட்டாமலே பழம் ஏறலாம். "இது தாயமா? பஸ்ஸு" என்றாள் நாகர்கோவில்காரி.

உங்கள் வாசகர் பார்த்தது இந்த வகையாக இருந்தால் அவர் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

பிறகு டொரண்டோக்காரியின் மகள் 'போர்டு கேம் அரீனா' என்ற தளத்தைக் காட்டினாள். பிரான்ஸில் 2010-ல் தொடங்கியது. அட்டைப் பெட்டியில் விற்கும் உலகத்துப் பலகை விளையாட்டுகளை, அவற்றை வெளியிடும் கம்பெனிகளின் அனுமதியோடு திரையில் ஆடத் தருகிறார்கள். எதையும் இறக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் பிரவுசரில் அப்படியே திறக்கிறது. சில ஆட்டங்களுக்குச் சந்தா வேண்டும். ஆனால் நாலு பேரில் ஒருத்தி சந்தா கட்டி மேஜையைத் திறந்தால் மற்றவர்கள் சும்மா வந்து உட்காரலாம். டொரண்டோக்காரி கட்டுகிறாள். நாங்கள் யாராவது அந்தப் பக்கம் போகிறவர்களிடம் அவளுக்குக் கடலைமிட்டாய் கொடுத்தனுப்புகிறோம். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். கோவில்பட்டிக்காரி வேறு என்ன செய்வாள்?

அங்கே நாங்கள் பிடித்துக்கொண்டது 'கார்காசோன்' என்ற ஆட்டம். தெற்கு பிரான்ஸில் இரட்டை மதில் சூழ்ந்த ஒரு பழைய கோட்டை ஊரின் பெயர் அது. அதைப் பார்த்துவிட்டு வந்து இதை உண்டாக்கியவர் கிளவுஸ் யூர்கன் வ்ரேடே, ஜெர்மனியில் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்த வாத்தியார். 2000-ல் வெளிவந்து அடுத்த வருடமே அங்கே 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது. வாத்தியார் செய்தது என்று கேள்விப்பட்டதுமே எனக்கு அதன் மேல் ஒரு பாசம்.

மொத்தம் 72 சதுரச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் கோட்டையின் ஒரு துண்டோ, ரோட்டின் ஒரு துண்டோ, ஒரு மடமோ இருக்கும். உன் முறைக்கு ஒரு சில்லு வரும். ஏற்கெனவே கிடப்பவற்றோடு ரோட்டுக்கு ரோடு, மதிலுக்கு மதில் பொருந்துகிற மாதிரி வைக்க வேண்டும். வைத்த சில்லின் மேல் உன் ஆளை, அதாவது உன் காயை, நிறுத்தலாம். ஏழு ஆள்தான் உண்டு. கோட்டை மூடினால் சில்லுக்கு இரண்டு புள்ளி, ரோடு முடிந்தால் சில்லுக்கு ஒன்று. மடத்தைச் சுற்றி எட்டுப் பக்கமும் நிரம்பினால் ஒன்பது. வேலை முடிந்ததும் ஆள் உன் கைக்குத் திரும்பிவிடுவான். வயலில் படுக்கவைத்த ஆள் மட்டும் ஆட்டம் முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். அந்த வயலை ஒட்டி எத்தனை கோட்டை மூடியிருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி கடைசியில் அவனுக்கு.

இந்த வயல்தான் என் எதிரி. நான் முதல் ஆறு மாதம் கோட்டை கோட்டையாகக் கட்டினேன். நாகர்கோவில்காரி மூன்றாவது சில்லிலேயே ஓர் ஆளை வயலில் படுக்க வைத்துவிட்டுத் தோசை வார்க்கப் போய்விடுவாள். நாங்கள் மூன்று பேரும் மதில் மதிலாக மூடி, நூறு புள்ளி என்று மார்தட்டிக்கொண்டிருக்கும்போது கடைசிச் சில்லு விழும். மெஷின் வயலை எண்ணத் தொடங்கும். மூன்று, ஆறு, ஒன்பது என்று அவள் புள்ளி எங்களைத் தாண்டிப் போகும். நாங்கள் கட்டிய கோட்டைக்கெல்லாம் வரி அவளுக்கு. அவள் வீடு இன்றைக்கும் நெல் வயல் வைத்திருக்கிற வீடு. "நெலம் இருக்கவளுக்கு அவசரம் கிடையாதுட்டி" என்கிறாள்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். திரையில் ஆடும் பலகை விளையாட்டுக்கும் தரையில் ஆடியதற்கும் என்ன வித்தியாசம்? பேசுவது, சிரிப்பது எல்லாம் போனில் ஸ்பீக்கர் போட்டு அப்படியே நடக்கிறது. நடுவர்தான் மாறிவிட்டார். மெஷின் பொருந்தாத இடத்தில் சில்லை வைக்கவே விடாது. வைக்கக்கூடிய இடங்களை அதுவே காட்டிவிடும். புள்ளியும் அதுவே போடும். கட்டையை உருட்டாமல் வைத்துவிட்டாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. வார்டன் வரமாட்டார். இது ஒரு கணக்கு டீச்சருக்குச் சொர்க்கம் மாதிரி இருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டொரண்டோக்காரி, கண்புரை ஆபரேஷனுக்கு முந்தின வாரம், ஆறு சில்லுக் கோட்டையை மூட வேண்டிய சில்லைப் பக்கத்து இடத்தில் தட்டிவிட்டாள். மெஷின் 'சரிதானா?' என்று கேட்டது. அதையும் சரியாகப் பார்க்காமல் ஆமாம் என்று தட்டினாள். 12 புள்ளி போச்சு. ஹாஸ்டலில் என்றால் 'காயிலிருந்து கை எடுக்கலை' என்று திருப்பி வைத்திருப்போம். மெஷினுக்குக் கை என்ற ஒன்றே தெரியாது. எதிராளிகள் மூன்று பேரும், 'திருப்பி வைத்துக்கொள்ளட்டும்' என்று சொல்கிறோம். சொல்ல ஒரு பொத்தான் இல்லை.

அன்றைக்கு நான் ஒரு நோட்டு போட்டேன். நாற்பது பக்க நோட்டு, நடுவில் கோடு. இடது பக்கம் 'மெஷின் கணக்கு', வலது பக்கம் 'ஹாஸ்டல் கணக்கு'. மெஷின் தருகிற புள்ளியை இடது பக்கம் எழுதுவேன். வலது பக்கம் நாங்கள் நாலு பேரும் ஒத்துக்கொண்டது. கண் தெரியாமல் விட்ட 12 அவளுக்குக் கூட்டப்பட்டது. சிங்கப்பூர்க்காரி பேரன் மடியில் ஏறி விசைப்பலகையில் அடித்ததால் போன 4 கூட்டப்பட்டது. நாகர்கோவில்காரி, எனக்கு வேண்டிய இடத்தை வாயாலேயே திசைதிருப்பிப் பறித்ததற்காக அவளுக்கு 3 கழிக்கப்பட்டது. அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள், அது இன்னும் நிலுவையில். வருடக் கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பதை வலது பக்கம்தான் தீர்மானிக்கும். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. இதை அந்த மெஷின் ஒருநாளும் அறியாது என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி.

வாரநாட்களில் வேறு மாதிரி ஓர் ஆட்டம் ஓடும். யாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டாம். அவரவர் வசதிப்படி வந்து ஒரு சில்லை வைத்துவிட்டுப் போகலாம். அடுத்தவளுக்கு 'உன் முறை' என்று தகவல் போகும். ஒருத்திக்கு ஒரு நாள் கெடு. கடிதத்தில் சதுரங்கம் ஆடினார்கள் அல்லவா, அந்த மாதிரி. நான் காலையில் பால் காயும்போது வைப்பேன். 2023-ல் ஒருமுறை சிங்கப்பூர்க்காரி இரண்டு நாளாக வைக்கவில்லை. அவள் கெடு முடிந்துவிட்டது, வேண்டுமானால் அவளை ஆட்டத்திலிருந்து நீக்கலாம் என்று திரையில் வந்தது. குழுவில் ரோஜாப்பூ வராமலிருந்தால் நாங்கள் கவனித்திருக்கவே மாட்டோம். சில்லு வைக்காமல் இருக்க மாட்டாள் என்று தெரியும். அவள் மகனுக்குப் போன் போட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆபரேஷன் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மகன் இருந்திருக்கிறான். நாங்கள் நீக்கவில்லை. ஆட்டம் அப்படியே கிடந்தது. ஒன்பதாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு என் போனில் 'உன் முறை' என்று வந்தது. பார்த்தால், படுக்கையில் கிடந்துகொண்டு என் ரோட்டை மறித்து ஒரு சில்லு வைத்திருந்தாள். அதற்கப்புறம் வாரநாள் ஆட்டத்துக்கு 'கெடு இல்லை, நண்பர்களுக்கு மட்டும்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இப்போது உங்கள் வாசகரின் கடிதத்துக்கு. அவர் தன் உறவினர் ஒருவர் ஓய்வுக்கால பணத்தை இணைய ரம்மியில் விட்டதைச் சொல்லியிருந்தார். எனக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். என்னிடம் பத்தாவது படித்தவன். தீப்பெட்டி ஆலையில் வேலை. முதலில் ஐம்பது, நூறு. அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு ஆயிரங்கள். அவன் பெண்டாட்டியின் கம்மல் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. நிகழ்தகவு நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது எதற்கும் உதவவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தவள் என்பதால், இந்த விஷயத்தில் யாரும் எனக்குப் புதிதாகக் கோபம் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் அவன் எதிரே உட்கார்ந்திருந்தது யார்? அவனுக்குத் தெரியாது. அவன் தோற்ற பணம் எங்கே போயிற்று? அதுவும் தெரியாது. என் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தவள். எங்கள் மேஜையில் பணம் போக வழியும் இல்லை, வர வழியும் இல்லை. இரண்டையும் 'ஆன்லைன் கேம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது, சாராயக்கடையையும் காப்பிக்கடையையும் 'குடிக்கும் இடம்' என்று ஒரே போர்டில் எழுதுவது மாதிரி.

சட்டம்கூட இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. நம் மாநிலம் 2022-ல் கொண்டுவந்த தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்த வழக்காடல் வருடக்கணக்கில் ஓடியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கி வைத்துவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடினால் கூடாது. பணம் வைக்காத விளையாட்டுகளை அதே சட்டம் தனியாக வைத்து, வளர்க்கவும் சொல்கிறது. எனக்கு இது சரியான கோடு என்று படுகிறது. ஏற்கெனவே போட்ட கோட்டை அழித்துவிட்டு மொத்தமாகத் தடை கேட்பானேன்?

வளர்ப்பது என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நாங்கள் ஐந்தாறு வருடமாக பிரெஞ்சு ஊரின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் முதலில் தேடிப் போனது தாயம். அது இன்னும் எங்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை.

இதில் நம் ஆட்கள் ஒன்றும் பின்தங்கியவர்கள் அல்ல. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள், ஆங்கிலச் சொல்லாட்டமான ஸ்கிராபிளைப் போல 'ஸ்கிராபுலஸ்' என்று ஒன்றைச் செய்து ஃபேஸ்புக்கில் விட்டார்கள். டொரண்டோக்காரி ராத்திரி ராத்திரியாக அதைத் தன் மகளோடு ஆடியவள். 2008 ஜூலையில் ஒரு நாள் எழுந்து பார்த்தால் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதைக் காணோம். அங்கே ஸ்கிராபிளின் உரிமை வைத்திருக்கும் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. இங்கே டெல்லி உயர் நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு நடந்தது. பெயரைப் பயன்படுத்தத்தான் அங்கே தடை கிடைத்தது. பலகைக்குப் பதிப்புரிமை கோரியது எடுபடவில்லை. சகோதரர்கள் பெயரை 'லெக்சுலஸ்' என்று மாற்றி நடத்தினார்கள்.

தாயத்துக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெயருக்கும் சொந்தக்காரர் கிடையாது, கட்டத்துக்கும் கிடையாது. நான் சொன்ன அந்த பிரெஞ்சுத் தளத்தில் 'ஸ்டூடியோ' என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளியாட்களே ஆட்டத்தை நிரலாக எழுதிச் சேர்க்கலாம். உரிமைதாரர் உள்ள ஆட்டம் என்றால் அனுமதி வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத பழைய ஆட்டத்துக்கு அது வேண்டாம். பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழிகள் தெரிந்தால் போதும் என்கிறான் என் பேரன். ஒவ்வொரு வருடமும் நம் மாநிலத்தில் எத்தனை பிள்ளைகள் இந்த இரண்டையும் படித்துவிட்டு வெளியே வருகிறார்கள்! அந்தத் தளம் வேண்டாம் என்றால் தனியாகவே செய்யட்டும். தங்க நாணயச் சத்தம் வேண்டாம். முகம் தெரியாதவர் நடுவில் வரக்கூடாது. இணைப்பு அறுந்தால் அவளுக்காக மெஷின் ஆடக்கூடாது, காத்திருக்க வேண்டும். நாலு பேரும் ஒத்துக்கொண்டால் ஒரு நகர்த்தலைத் திருப்பி எடுக்க ஒரு பொத்தான்.

இதில் சிக்கல் விதிதான். எந்த ஊர்த் தாயம்? எட்டு வீடு தள்ளினாலே விதி மாறும். எங்கள் அறைக்குள்ளேயே நாகர்கோவில் விதி, ஸ்ரீவைகுண்டம் விதி என்று இரண்டு இருந்தது. எத்தனை காய், எதெது விழுந்தால் மறுபடி உருட்டலாம், இரண்டு காய் ஒரே கட்டத்தில் நின்றால் வெட்டலாமா, ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்ளே போகலாமா என்பதையெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன் ஆடுகிறவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி வைத்தால் தீர்ந்தது. மெஷின் நாம் சொன்ன விதிக்கு நடுவராக இருக்கட்டும், அதன் விதிக்கு நாம் பிள்ளைகளாக வேண்டாம். ஆனால் அதற்கு முதலில் யாராவது எல்லா ஊர் விதிகளையும் எழுதி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். இதற்குப் பத்திரிகையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வாசகர்கள் அவரவர் ஊர்த் தாய விதிகளை எழுதி அனுப்பும்படி நீங்கள் ஓர் அறிவிப்பு போட முடியுமா? பாட்டிமார்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கட்டத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். மலை (காயை வெட்டக்கூடாத கட்டம்) எங்கே போடுவது என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

தொடக்கமாக, 1977-ஆம் வருடத்துப் பாளையங்கோட்டை ஹாஸ்டல் விதிகள் பதினொன்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். நாலு பேரும் போனில் பேசிச் சரிபார்த்தது. ஆறாவது விதியை மட்டும் நாகர்கோவில்காரி ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு விழுந்தாலும் காய் இறக்கலாம் என்பது அவள் கட்சி. அப்படி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தாலும் அவள் சொன்னதையும் பென்சிலில் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கோவில்பட்டி.